கூட்டத்துக்கு ஆள் கூப்பிட்டவள்

என் வீட்டு மாடியில் மார்த்தா என்று ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் குடியிருக்கிறார். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால் மாடியைக் காலியாக வைத்திருக்க யாருக்கும் மனசு வராது. எனக்கும் வரவில்லை. மார்த்தா அம்மா எழுபதைத் தாண்டியவர். காலையில் மலைப்பக்கம் நடந்துவிட்டு வருவார், ரசம் வைத்தால் ஒரு டம்ளர் கேட்பார், மற்றபடி இருக்கிற இடம் தெரியாது. சில மாதங்களுக்கு ஒரு முறை அவருக்கு ஊரிலிருந்து ஒரு தபால் உறை வரும். போன மாதம் அதை வாங்கி மாடிக்குக் கொண்டுபோனபோது, இது என்ன என்று கேட்டேன்.

ஓட்டுச் சீட்டும் அதோடு ஒரு சின்னப் புத்தகமும் என்றார். ஆளுக்குப் போடுகிற ஓட்டு இல்லை, ஒரு சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று போடுகிற ஓட்டு. கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கும் அனுப்பி வைக்கிறார்கள். புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். இந்தப் பக்கத்தில் இருப்பது அரசாங்கம் சொல்கிற காரணம், இந்தப் பக்கத்தில் இருப்பது அதை எதிர்க்கிறவர்கள் சொல்கிற காரணம் என்று விரல் வைத்துச் சொன்னார்.

"எதிர்க்கிறவங்க எழுதினதை யார் அச்சடிக்கிறது?"

"அரசாங்கம்தான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏதோ வேடிக்கை சொல்லிவிட்டோம்போல என்று அவரும் சிரித்தார். உண்மையில் எனக்கு வந்தது ஆத்திரம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தின் வாயாக வேலை பார்த்தவள் நான். ஒலிபெருக்கி வண்டியில் உட்கார்ந்து, இந்த மாவட்டத்தில் வண்டி போகிற ஊருக்கெல்லாம் போய்ப் பேசியவள். எதிர்க்கிறவர்கள் பேச்சில் ஒரு வரிகூட நான் மைக்கில் படித்ததில்லை. படிக்கச் சொல்லி யாரும் கொடுத்ததுமில்லை.

அதே வாரத்தில் என் பழைய அலுவலகத்திலிருந்து பிரபாகர் போன் செய்தான். எனக்குப் பிறகு சேர்ந்தவன், நல்ல பையன். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். "மேடம், மக்கள் பங்கேற்பு பத்தி நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். உங்களோட சக்ஸஸ் ஸ்டோரி எதுனா" என்றான். அலுவலகம் வெற்றி என்று சொல்லிப் பாராட்டிய ஒரு காரியம் என் பெயரில் இருக்கிறது. அதையே எழுதுகிறேன். புதியவர்களுக்குக் கொடுக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

எந்த அலுவலகம் என்பதைச் சொல்லப்போவதில்லை. வேங்கிக்கால் பக்கம் எத்தனையோ அரசு அலுவலகங்கள், அதில் ஒன்று. ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருந்த தகுதி ஒரு பட்டமும் தொண்டையும். கல்லூரி விழாக்களில் வரவேற்புரை படித்த தொண்டை. பயிற்சி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, ஒலிபெருக்கிப் பெட்டியில் எந்தத் திருகைத் திருப்பினால் இரைச்சல் குறையும், மழை பெய்தால் எதை முதலில் மூடுவது என்று டிரைவர் காசி சொல்லிக் கொடுத்தார். மற்றதெல்லாம் ஞானசம்பந்தம் சார்.

சார் குள்ளமாக இருப்பார். சட்டைப் பையில் எப்போதும் கொட்டைப்பாக்கு. அவருடைய மேசைக்கு அறிவிப்பை எடுத்துப் போனால் கையில் வாங்க மாட்டார். "படி" என்பார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவர் அதிகாரி இல்லை, மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஆள். படித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். யாருக்கு? எங்க? எப்ப? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் நாலாவதாக ஒன்று கேட்பார்: "நான் வரலன்னா எனக்கு இன்னா நஷ்டம்?" அதற்கு அறிவிப்பில் பதில் இல்லையென்றால் கதை முடிந்தது. திருப்பி எழுத வேண்டும்.

"பொதுமக்கள் இந்த அரிய வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுமாறு" என்று ஒரு முறை எழுதிக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "உங்க வீட்ல யாராவது இப்படிப் பேசுவாங்களாம்மா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

வண்டியை ஓட்டுவதற்கும் அவரிடம் விதி இருந்தது. மனுஷன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போதும் சாவு வீட்டைத் தாண்டும்போதும் நிறுத்திவிட வேண்டும். ஊர் வெயிலில் கழனிக்குப் போயிருக்கிற நேரத்தில் போய்க் கத்திவிட்டு வந்து, சொல்லியாகிவிட்டது என்று எழுதக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி, பேசி முடித்த பிறகு வண்டி கிளம்பக் கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு, மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இறங்கி நிற்க வேண்டும். யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்கும்வரை நிற்க வேண்டும்.

முதல் வருஷம் அவரே என்னோடு வந்தார். ரேஷன் அட்டை சரிபார்க்கிற அறிவிப்பு. நான் பேசி முடித்தேன். புங்கமரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை. கிளம்பலாமா சார் என்றேன். "இரு. தலையாட்டுறாங்கன்னா இன்னும் போய்ச் சேரலன்னு அர்த்தம்" என்றார். பாக்கை மென்றுகொண்டு நின்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு பெரியவர் மெதுவாக வந்து, "என் புள்ள பெங்களூர்ல மேஸ்திரி வேல செய்றான், அவனும் வந்து நிக்கணுமா?" என்றார். சார் அவர் தோளைத் தொட்டு, வரத் தேவையில்லை, இன்னின்னது இருந்தால் போதும் என்று சொன்னார். அவ்வளவுதான், மரத்தடி மொத்தமும் எங்களைச் சூழ்ந்துகொண்டது. செத்துப்போன மாமியார் பெயர், பிரிந்துபோன மருமகள் பெயர், ஒன்று விடாமல் கேட்டார்கள். பொழுது சாய்ந்துதான் திரும்பினோம். "இப்ப சேர்ந்துச்சு" என்றார் சார். அவர் ஓய்வு பெற்றபோது யாரும் பெரிதாக விழா எடுக்கவில்லை.

அவருக்குப் பிறகு பலர் வந்தார்கள், போனார்கள். நான் சொல்ல வேண்டியது கடைசியாக வந்த அதிகாரியைப் பற்றி. அவரை நாங்கள் சிரிப்பு சார் என்போம். கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. உள்ளே போனால் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்பார். நாம் எழுதியதை வாங்கி, பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போடுவார். அழுத்தி அடிக்கக்கூட மாட்டார். "இது வேண்டாமே மேடம். கொஞ்சம் பாசிட்டிவா சொல்லலாம்." அப்படி அவர் கோடு போட்ட வரிகளை எல்லாம் கவனித்தேன். 'வராவிட்டால்' என்று தொடங்குகிற வரி ஒன்றுகூடத் தப்பியதில்லை.

அவர் வந்த பிறகு நான் வண்டியில் போவது நின்றுபோயிற்று. அலுவலகத்திலேயே ஒரு சின்ன அறையில் துணித்திரை மாட்டி, என் குரலைப் பதிவு செய்து, அதை ஆட்டோக்களில் போட்டு அனுப்பினார்கள். ஒரே நாளில் எத்தனையோ ஊர். வேகம் ஜாஸ்தி, செலவு கம்மி. ஆட்டோ எங்கேயும் நிற்காது. நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நின்றாலும் டிரைவரிடம் கேள்வி கேட்டு என்ன ஆகப்போகிறது? அப்புறம் வாட்ஸ்ஆப் குழுக்கள் வந்தன. ஊருக்கு ஒரு குழு. அதிலும் அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று பூட்டு. குட்மார்னிங் போட்டுக் குழப்புவார்கள் என்று காரணம் சொன்னார்கள். குட்மார்னிங்கோடு சேர்த்துக் கேள்வியும் வெளியே நின்றது.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வழக்கம்போலப் பதிவு செய்தோம். சிறப்புப் பேருந்து எங்கிருந்து, வண்டியை எங்கே நிறுத்துவது, கிரிவலம் போகிறவர்கள் எதைக் கொண்டுவரக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறதுதான். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது மனப்பாடம். ஆட்டோவில் பக்திப் பாட்டு கேட்டாலே, தீபத்துக்குச் சொல்ல வந்துவிட்டார்கள் என்று தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். பதிவு முடிந்ததும் சிரிப்பு சார் தனியாக இரண்டு வரி கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஆலநத்தம் ஊராட்சியில் சிறப்புக் கிராம சபை நடைபெறும், வள மீட்பு மையம் உள்ளிட்ட பொருள்கள் விவாதிக்கப்படும், இவ்வளவுதான். படித்தேன். அதை எங்கே ஒட்டினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தீப அறிவிப்புக்கு வாலாக, எல்லாரும் காதை மூடிக்கொண்ட பிறகு வருகிற இடத்தில் ஒட்டியிருந்தார்கள்.

வள மீட்பு மையம் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? குப்பைதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இத்தனை லட்சம் ஜனம் வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போட்டுவிட்டுப் போகிற குப்பை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அதைக் கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஆலநத்தத்து மேய்ச்சல் புறம்போக்கில் கொட்டுவது என்று முடிவாகியிருந்தது. ஆனால் அதற்கு ஊர்க் கிராம சபையின் தீர்மானம் வேண்டும். தீர்மானம் செல்ல வேண்டுமென்றால் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதை நாங்கள் கோரம் என்போம்.

கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. கேட்டால்தானே வர. தலைவரும் செயலரும் நாற்காலிகளும்தானாம். கோரம் இல்லை என்று தள்ளி வைத்தார்கள். சிரிப்பு சார் முதல் தடவையாகச் சிரிக்காமல் இருந்ததை அன்றைக்குப் பார்த்தேன். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். டீ வந்தது.

"மேடம், இந்த ஒரு ஊருக்கு நீங்க நேர்ல போகணும். உங்க பழைய ஸ்டைல்ல. ஜனங்க வரணும். நீங்க கூப்பிட்டா வருவாங்க."

"குப்பைன்னு சொல்லலாமா சார்?"

கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். "சொல்லுங்க. அப்பத்தானே வருவாங்க" என்றார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஷெட்டில் கிடந்த பழைய வண்டியைக் காசி தட்டித் துடைத்து எடுத்தார். கூம்பு ஸ்பீக்கரில் குருவி கூடு கட்டியிருந்தது. போகிற வழியெல்லாம் நான் அறிவிப்பைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காசி, "இன்னா மேடம், பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கிண்டல் செய்தார்.

ஆலநத்தத்தில் எதையும் மறைக்கவில்லை. "உங்க மேய்ச்சல் நிலத்துல டவுன் குப்பையக் கொட்டப் போறாங்க. வேணுமா வேணாமான்னு கேக்கத்தான் கூட்டம். வரலன்னா உங்க சார்பா வேற யாரோ முடிவு பண்ணிடுவாங்க. வந்து உங்க வாயால சொல்லுங்க." இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றேன். வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை. கையில் அரிவாளோடு, புல் வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே வந்த மாதிரி, ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி. நாற்பது இருக்கும். புறம்போக்கை ஒட்டி ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. அந்தக் கிணற்றை நம்பித்தான் கறவை மாடுகளும், மல்லாட்டையும், காலேஜில் படிக்கிற பெண்ணும். குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருவே அந்தக் கிணற்றில்தான் குடம் நிரப்பும்.

"பக்கத்துல குப்பயக் கொட்டுனா என் கெணத்துத் தண்ணி இன்னாத்துக்காவும்?" என்றாள்.

"அதைத்தான் கூட்டத்துல கேக்கணும்."

"கேட்டா பதிலு சொல்லுவாங்களா மேடம்?"

"சொல்லுவாங்க" என்றேன்.

"நீங்க சொல்றீங்க இல்ல?"

"நான் சொல்றேன்."

மனசார நம்பித்தான் சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

கூட்டத்தன்று ஊரே வந்துவிட்டது. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். வாசலிலேயே எல்லாரிடமும் வருகைக் கையெழுத்து வாங்கினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேடையில் தலைவர், செயலர், விருந்தினராகச் சிரிப்பு சார். மைக்கும் பெட்டியும் எங்கள் வண்டியுடையது என்பதால் நானும் காசியும் ஓரமாக நின்றோம்.

செயலர் பொருள்களைப் படிக்க ஆரம்பித்தார். தெரு விளக்கு, குடிநீர்த் தொட்டி கழுவுதல், டெங்கு கொசு, வரவு செலவு என்று மூச்சு விடாமல் படித்தார். ஞானசம்பந்தம் சாராக இருந்தால் இரண்டாவது வரியிலேயே நிறுத்தியிருப்பார். நடுவில் எங்கேயோ, "அரசாணையின்படி வள மீட்பு மையத்துக்கு ஊராட்சி எல்லைக்குட்பட்ட புறம்போக்கில் இடம் வழங்குதல்" என்று ஓடிற்று. எனக்கே அது கொசு மருந்துக்கும் நூலகத்துக்கும் நடுவில் ஒரு கணம் காதில் பட்டு நழுவியது. ஜனங்கள் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். குப்பையைப் பற்றிப் பேச்சு வரும், அப்போது கேட்கலாம் என்று காத்திருந்தார்கள். "மேற்கண்ட அனைத்துப் பொருள்களும் சபையின் முன் வைக்கப்பட்டு ஏற்கப்பட்டன" என்று செயலர் முடித்தார். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தலைவருடைய ஆட்கள் கை தட்டினார்கள். பின்னால் இருந்தவர்களும், எதற்கென்று தெரியாமல், சேர்ந்து தட்டினார்கள். நன்றியுரை ஆரம்பமாயிற்று.

செல்வி எழுந்தாள். கூட்டத்தின் நடுவிலிருந்து அவள் பேசியது மேடைக்குக் கேட்கவில்லை. சிரிப்பு சார் என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று லேசாகக் கையசைத்தார். நான் மைக்கைக் கழற்றிக்கொண்டு, ஒயரை இழுத்துக்கொண்டு, ஜனங்களுக்கு நடுவில் புகுந்து போய் அவள் வாய்க்கு நேரே பிடித்தேன்.

"அய்யா, குப்பயப் பத்தி எப்ப பேசுவீங்க? எங்க கெணத்துத் தண்ணிய நாளிக்கு நாங்க குடிக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

சிரிப்பு சார் எழுந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"அருமையான கேள்விம்மா. இப்படித்தான் எல்லாரும் கேக்கணும். ஆனா அந்தப் பொருள் முடிஞ்சு போச்சு. உங்க கேள்விய ஒரு மனுவா குடுங்க, நிச்சயமா பரிசீலனை பண்ணுவோம். எல்லாரும் டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

ஜனங்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கத்தினார்கள். பெங்களூர்ப் பையன்கள் நாற்காலியை எட்டி உதைத்தார்கள். அதற்குள் மேடை காலி. வருகைக் கையெழுத்து வாங்கிய நோட்டு ஜீப்பில் ஏறியாயிற்று. ஊரே வந்திருந்தது, கோரத்துக்கு மேலேயே ஆள், தீர்மானம் கச்சிதமாகச் செல்லும்.

நானும் காசியும் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். செல்வி வந்து நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"மேடம், போன தபா ஆளு வரலன்னுதானே கூட்டத்தத் தள்ளி வச்சாங்க?"

"ஆமா."

"அப்ப இன்னிக்கும் நாங்க வராத ஊட்டாண்டயே கெடந்திருந்தா?"

சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "சரி மேடம். நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தையைவிட முதல் நாள் அவள் கையில் பார்த்த அரிவாளால் ஒரு வெட்டு வெட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் சிரிப்பு சார் அறைக்குள் போய், இது நியாயமா சார் என்று கேட்டேன். என் வேலைக் காலத்தில் ஒரு மேலதிகாரியிடம் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். மெமோ கொடுப்பார், இடம் மாற்றுவார் என்று எதிர்பார்த்தேன். மாற்றியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் டீ சொல்லி அனுப்பினார். "நீங்க மைக் கொண்டுபோய்க் குடுத்தீங்க பாருங்க, அதான் மேடம் ஹைலைட். போட்டோ பிரமாதமா வந்திருக்கு" என்றார். குடியரசு தினத்தன்று, மக்கள் பங்கேற்பை உறுதி செய்த சிறப்பான பணிக்காக என்று எனக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். மேடை ஏறி வாங்கிக்கொண்டேன். காசி மட்டும் கை தட்டவில்லை.

குப்பை வந்தது. முதலில் பச்சை வலை கட்டி, செடி நட்டு, பெயர்ப்பலகை வைத்தார்கள். அப்புறம் வலை கிழிந்தது. இரண்டு மழைக்குப் பிறகு செல்வி கிணற்றுத் தண்ணீரில் ஒரு நெடி. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம். அவள் கொடுத்த மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன்.

இதை ஒரு நாள் மார்த்தா அம்மாவிடம் சொன்னேன். அவர் வேலையில் இருந்தபோது தன் கிராமத்து ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவராம். தங்கள் ஊரிலும் கூட்டத்துக்கு ஜனம் வராது என்றார். எல்லாம் வீட்டுக்கே அச்சடித்து வந்துவிடும், படித்துவிட்டுப் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் எத்தனை குறைவாக வந்தாலும் வந்தவர்கள் கை தூக்கியதுதான் முடிவு, அதனால் வராதவனுக்குத்தான் நஷ்டம் என்றார். சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிக்கொண்ட என் அண்ணன் மகன் வேறு மாதிரி சொல்கிறான். "இங்க போன்ல ஒரு புகார் போட்டா உடனே வந்து சரி பண்ணிடுவாங்க அத்தை. அதனால கூட்டம் கீட்டம்னு யாரும் யோசிக்கறதே இல்ல." நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நாட்டில் எல்லாவற்றையும் சொல்கிறார்கள், ஜனம் தூங்குகிறது. இன்னொன்றில் காரியம் நடந்துவிடுகிறது, ஜனம் மறந்துவிடுகிறது. ஆலநத்தத்தில் ஜனம் விழித்துக்கொண்டு ஓடி வந்தது, அது வந்த கணக்கையே எடுத்து அதன் கழுத்தில் கட்டினோம். ஊரில் ஒருத்தருக்கும் அக்கறை இல்லை, ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று மேடை ஏறி யாராவது பேசினால் எனக்கு இப்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் செல்வி போன் செய்தாள். காசியிடம் நம்பர் வாங்கினாளாம்.

"மேடம், இப்ப கீற இடம் பத்தலியாம். ஏரிக்கரப் பக்கம் மிச்சம் இருக்கறதயும் கேக்கறாங்க. கூட்டம்னு ஆட்டோ வந்து சொல்லிட்டுப் போச்சு. ஊர்ல பாதிப் பேரு போய்க் கேப்போம்ன்றாங்க, பாதிப் பேரு வேணான்றாங்க. அதான் உங்களக் கேக்கலாம்னு. போலாமா, வேணாமா?"

இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் நிலைமை எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. போனால் கேட்கலாம் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"போகாதீங்க செல்வி" என்றேன். "ஒருத்தர்கூடப் போகாதீங்க. நாற்காலி காலியா கிடக்கட்டும்."

"எத்தினி தபா மேடம் போவாத இருக்க முடியும்? வேற ஊரு ஆளுங்கள இட்டாந்து உக்கார வெப்பாங்க."

"அது தெரியும். இந்தத் தடவை போகாதீங்க."

கூட்டத்தன்று சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டாள். யாரும் போகவில்லையாம். தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்ததாம். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தலும் நாற்காலியும் அப்படியே கிடக்க, வந்த அதிகாரிகள் கோரம் இல்லை என்று டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். "நீங்க சொன்ன மேரியே செஞ்சிட்டோம் மேடம்" என்றாள். அவள் குரலில் சின்னதாக ஒரு சந்தோஷம் இருந்தது.

"நல்லா பண்ணீங்க" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். ஊர் ஊராகப் போய், வாங்க, வந்து கேளுங்க என்று கூப்பிட்டே சோறு தின்ற வாய் இது.